டிஸ்ட்ரோவுக்கும் அப்ஸ்ட்ரீமுக்கும் நடுவில் நிற்பவர்: கேள்வி பதில்

லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கும் (டெபியன், ஃபெடோரா போன்ற தொகுப்பு), அதில் வரும் மென்பொருளை எழுதும் அப்ஸ்ட்ரீம் திட்டத்துக்கும் இடையே தன்னார்வத் தொடர்பாளராக இருக்க விரும்புகிறவர்கள் கேட்டவை.

கேள்வி: அண்ணா, எனக்கு சி மொழி வராது. இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக. பெரும்பகுதி படிப்பதும் கடிதம் எழுதுவதும்தான். ஆனால் ஒரு பேக்கேஜை (டிஸ்ட்ரோ தரும் மென்பொருள் பொதியை) சோர்ஸிலிருந்து, அதாவது மூலநிரலிலிருந்து, பில்ட் செய்யத் தெரியவேண்டும். "திறந்தவுடன் மூடிக்கொள்கிறது" என்று பயனர் ஒருவர் பக் (பிழை அறிக்கை) போட்டால், நம் பேட்ச் (நிரலில் நாம் செய்யும் சிறு மாற்றம்) எதுவும் சேர்க்காமல் அப்ஸ்ட்ரீமின் புது வெர்ஷனை பில்ட் செய்து பாருங்கள். அதிலும் மூடிக்கொண்டால் அவர்களிடம் போகலாம். நம்முடையதில் மட்டும் நடந்தால், சத்தம் போடாமல் முதலில் நம் பேட்ச்சைப் பாருங்கள்.

கேள்வி: பயனர் எழுதியதை அப்படியே அனுப்பிவிட்டால் என்ன?

அனுப்பலாம், யாரும் படிக்கமாட்டார்கள். "உங்கள் நிரல் எங்கள் டிஸ்ட்ரோவில் ஓடவில்லை" என்பதை வைத்துக்கொண்டு அப்ஸ்ட்ரீம்காரர் என்ன செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்: "2.4இல் சரியாக இருந்தது. 2.5இல் காலிக் கோப்பைத் திறந்தால் விழுகிறது. எங்கள் பேட்ச்கள் இல்லாமலும் நடக்கிறது. கிட் பைசெக்ட் இந்தக் கமிட்டைக் காட்டுகிறது." (கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி, கமிட் அதிலுள்ள ஒரு மாற்றம்; பிழை எந்தக் கமிட்டில் வந்தது என்று தேடித்தருவது பைசெக்ட்.) அப்புறம் அந்த பக்கின் முகவரியை நம் பக்கத்து ரிப்போர்ட்டில் குறித்துவையுங்கள். டெபியனில் அதற்கென்றே 'ஃபார்வர்டட்' குறி இருக்கிறது.

கேள்வி: ரெண்டு வரி பேட்ச். நம்மிடமே வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

2006இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) பேக்கேஜிலும் மாற்றம் சில வரிகள்தான். வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியின் எச்சரிக்கையை நிறுத்துவதற்காக எடுத்த வரிகளோடு, சாவி உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மையும் போய்விட்டது. ஒவ்வொரு வகைச் சாவியும் சுமார் 32 ஆயிரம் வாய்ப்புகளுக்குள் சுருங்கியது. வெளியே தெரிந்தது 2008 மே மாதத்தில். அப்ஸ்ட்ரீமிடம் கேட்காமலும் இல்லை; கேட்டது டீபக்கிங்குக்கு (பிழை தேடுவதற்கு) என்ற தொனியில் இருந்தது, பதிலும் அப்படியே வந்தது. பேட்ச்சையே முறையாக அனுப்பி, "இதைப் பயனர்களுக்குத் தரப்போகிறோம், சரியா?" என்று கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். என்னைப் பொறுத்தவரை தொடர்பாளரின் முக்கால்வாசி வேலை இந்த ஒரு கேள்விதான்.

சாதாரண பேட்ச்சுக்கும் செலவு உண்டு. புது வெர்ஷன் வரும்போதெல்லாம் யாராவது அதைத் திரும்பப் பொருத்தவேண்டும்.

கேள்வி: பேட்ச் அனுப்பி மாதக்கணக்கில் பதிலே இல்லை.

சரியான இடத்துக்குத்தான் அனுப்பினீர்களா? லினக்ஸின் மையமான கெர்னலுக்கு மின்னஞ்சல்தான் வழி, இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உறுதிசொல்லும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியும் வேண்டும். இடம் சரி என்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். பல திட்டங்களில் மறுபக்கம் இருப்பது ஒரே ஒருவர், அதுவும் வேலை முடிந்து வந்தபின்.

கேள்வி: "உங்கள் வெர்ஷன் பழசு, என்னிடம் வராதீர்கள்" என்கிறாரே அப்ஸ்ட்ரீம்காரர்?

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிள் சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. நடுவில் பெரும்பாலும் திருத்தங்கள் மட்டுமே சேரும், புது வெர்ஷன் வராது. அவர் எப்போதோ சரிசெய்த பக்கைப் பற்றி அவருக்கே கடிதங்கள் போய்க்கொண்டிருக்கும். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற திரைக்காப்பு மென்பொருள் இதற்காக "இது மிகப் பழைய வெர்ஷன்" என்று திரையிலேயே எச்சரித்தது. 2016இல் டெபியனில் அது பெரிய வாக்குவாதமானது. ரிப்போர்ட்கள் முதலில் நம்மிடம் வரும்படி செய்துகொடுங்கள், நம் ஃப்ரீஸ் தேதியை (புது வெர்ஷன் எடுப்பதை நிறுத்தும் நாளை) முன்கூட்டியே சொல்லுங்கள். பாதிக் கோபம் இறங்கிவிடும்.

கேள்வி: அப்ஸ்ட்ரீம் தருவதை நம்பி அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) பிடிபட்டது. அதைக் கிளப்பிவிடும் பில்ட் ஸ்கிரிப்ட் டார்பாலில் (வெளியிடும் மூலநிரல் பொதியில்) மட்டும் இருந்தது, கிட்டில் இல்லை. அதனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, அந்தப் பின்கதவின் இலக்கான ஓபன்எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் மென்பொருள்) நேரடியாக எக்ஸ்இசட்டைத் தொடுவதே இல்லை. சிஸ்டம்டிக்காகச் (லினக்ஸில் சேவைகளை இயக்கும் நிரல்) சில டிஸ்ட்ரோக்கள் சேர்த்த பேட்ச் வழியாகத்தான் அது உள்ளே நுழைந்தது.

கேள்வி: எதில் தொடங்கட்டும்?

தினமும் பயன்படுத்தும் ஒரு பேக்கேஜில். டெபியன் என்றால் அதன் பேட்ச்கள் இருக்கும் அடைவு, ஃபெடோரா என்றால் பேக்கேஜை எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் ஸ்பெக் கோப்பு, இவற்றைப் பாருங்கள். அப்ஸ்ட்ரீமுக்குப் போகாமல் கிடக்கும் பேட்ச் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும்.