மரக்கழிவு எரியறையின் உட்பூச்சு ஏன் உதிர்கிறது?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். துண்டு மரமும் மரத்தூளும் எரிக்க, பழைய இரும்புப் பரலில் காற்றூதி பொருத்தி எரியறை செய்தேன். உள்ளே சீமெந்தும் மணலும் கலந்து பூசினேன். ஒரு மாதத்துக்குள் பாளம் பாளமாக விழுந்துவிட்டது. என்ன கலவை போடலாம்?

பதில்: உங்கள் கைவேலையில் குறை இல்லை, கலவைதான் பிழை. சாதாரண சீமெந்தின் பிடிப்பு அதற்குள் பிணைந்த நீரில் இருக்கிறது. 400 பாகை செல்சியஸைத் தாண்டினால் அந்த நீர் கழன்று சுண்ணாம்பு மிஞ்சும். அடுப்பு ஆறியதும் அது காற்றின் ஈரத்தை இழுத்து ஊதி உதிரும். மணலும் தன் பங்குக்குக் கெடுக்கும்: அதிலுள்ள குவார்ட்ஸ் 573 பாகையில் சட்டென்று விரியும். கடற்கரை மணல் என்றால் சிப்பித் துண்டுகளும் வெந்து சுண்ணாம்பாகிவிடும். விழுந்த பாளத்தை உடைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளிலிருந்து வெடிப்பு கிளம்பியிருந்தால் அது சிப்பியின் வேலை.

காற்றூதி வைத்த எரியறை 1000 பாகையைத் தாண்டக்கூடியது. ஓட்டுத்தூளும் களிமண்ணும் சமையல் அடுப்புக்குப் போதும், இதற்கு வேண்டாம். உயர் அலுமினா சீமெந்து ஒரு பங்குக்கு, நெருப்புச் செங்கல் நொறுக்கு மூன்று பங்கு எடுங்கள். நொறுக்கில் கடலை அளவிலிருந்து மாவு வரை எல்லாம் கலந்திருக்கட்டும். இடிக்கும்போது முகமூடி கட்டாயம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

தண்ணீரைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். கலவையில் ஓர் உருண்டை பிடித்து, ஓரடி உயரத்துக்கு எறிந்து ஏந்துங்கள். உடைந்து சிதறினால் நீர் போதாது, விரலிடுக்கில் வழிந்தால் கூடிவிட்டது. கூடின நீர் போகும் வழியெல்லாம் ஓட்டை விட்டுப் போகும்.

பரலை ஒட்டி முதலில் உமிச்சாம்பலும் களிமண்ணும் குழைத்து ஓர் அங்குலம் பூசுங்கள். சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலைகளில் கேட்டால் சாம்பல் கிடைக்கும். பெரும்பாலும் சிலிக்காதான், வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். அதன்மேல் நெருப்புக் கலவை இரண்டு அங்குலம். அது சரியாதிருக்க, பரலில் வளைந்த இரும்புக் கொக்கிகளை முன்பே ஒட்டவைத்துவிடுங்கள்.

பூசியபின் ஒரு நாள் ஈரச்சாக்குப் போட்டு மூடுங்கள். அப்புறம் சில நாள் நிழலில் உலரவிடுங்கள், மாரிகாலமென்றால் இன்னும் கூட. பரலின் பக்கத்தில் சிறு துளைகள் இட்டு, காற்றூதி இல்லாமல் சிரட்டைக்கரித் தணலை மட்டும் மணிக்கணக்கில் வையுங்கள். துளையருகே பிடித்த கண்ணாடித் துண்டில் ஆவி படிவது நிற்கும்வரை விறகு வைக்க வேண்டாம். உள்ளே நீர் இருக்கும்போது வேகமாக மூட்டினால் நீராவி பூச்சைப் பிய்த்தெறியும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.