பூச்சியைத் தின்னும் பூஞ்சாணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணம் காட்டில் பூச்சிகளின் எண்ணிக்கையை உண்மையிலேயே குறைக்கிறதா? இல்லை, அங்கொன்றும் இங்கொன்றும் சாவதோடு சரியா? (வாசகி, வால்பாறை)

பதில்: குறைக்கிறது, மழை ஒத்துழைத்தால். அமெரிக்காவின் வடகிழக்கு ஓக் காடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்பாஞ்சி அந்துப்பூச்சியின் புழுக்கள் அங்கே மரங்களை மொட்டையடித்து வந்தன. 1989இல் ‘என்டமோஃபாகா மைமைகா’ என்ற பூஞ்சாணம் அந்தப் புழுக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொல்வது தெரியவந்தது. இதன் உறங்குவித்துகள் மரத்தடி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மண் நனைந்தால் முளைத்துப் புழுவைத் தொற்றும்.

இப்படிச் செத்த பெரிய புழு அடிமரத்தில் தலைகீழாக, நேராக ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றுக் கால்கள் விறைத்துப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும். நடுவில் மடிந்து, கவிழ்த்த ‘வி’ போலத் தொங்கினால் அது வைரஸின் வேலை. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

2015, 2016இல் அதே வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் வறட்சி. பூஞ்சாணம் தலைதூக்கவில்லை, புழு பெருகிவிட்டது. 2017 மழையில் புழுக்கள் கொத்தாகச் செத்தன. ஆனால் அதற்குள் பல இடங்களில் இலை போய்விட்டது. தாமதமாக வருவதுதான் இதன் பெரிய குறை.

கேள்வி: ‘ஜாம்பி எறும்பி’ன் மூளையைப் பூஞ்சாணம் பிடித்துக்கொள்கிறதாமே? (வாசகர், தேனி)

பதில்: பூஞ்சாணம் தொற்றி, அதன் பிடியில் நடமாடும் எறும்பைத்தான் ‘ஜாம்பி எறும்பு’ என்கிறார்கள். ஆனால் பூஞ்சாணம் மூளைக்குள் நுழைவதில்லை. தசை இழைகளைச் சுற்றி வலைபோல் படர்கிறது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. தென் தாய்லாந்துக் காடுகளில், உச்சிக் கிளைகளில் வாழும் கேம்போனோட்டஸ் என்ற வகை எறும்பு நோய் முற்றியதும் கீழே இறங்கி, தரையிலிருந்து சுமார் 25 செ.மீ. உயரத்தில் இலையின் அடிப்பக்க நரம்பைக் கவ்விக்கொண்டு சாகிறது. பூஞ்சாணத்துக்குத் தோதான ஈரம் அங்கேதான். செத்த எறும்பை இலையோடு உச்சிக்கு மாற்றி வைத்தால் பூஞ்சாணம் சரியாக வளர்வதில்லை.

கேள்வி: தென்னையில் காண்டாமிருக வண்டுக்கு மெட்டாரைசியம் தெளித்தேன், பலனில்லை. (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: மெட்டாரைசியமும் பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணம்தான். மரத்தில் தெளித்தீர்களா? வெயில் அதன் வித்துகளைக் கொன்றுவிடும். வண்டின் புழு இருப்பது எருக்குழியில். 250 மில்லி பூஞ்சாண வளர்ப்புத் திரவத்துக்கு 750 மில்லி தண்ணீர் கலந்து அங்கே ஊற்றுங்கள். மாலை நேரம் நல்லது. எரு காயக்கூடாது, பூஞ்சாணக்கொல்லி அருகில் வரக்கூடாது. விறைத்து, பச்சைப் பொடி பூத்த புழு கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள்; எருவுக்குள்ளேயே புதைத்துவிடுங்கள், அடுத்த புழுவுக்கு அதிலிருந்துதான் தொற்றும்.