கல்கத்தா கோப்பையின் வெள்ளி

அன்புள்ள ஐயா,

என் மகன் பள்ளியில் ரக்பி ஆடத் தொடங்கியிருக்கிறான். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு, “இந்தக் கோப்பைக்கு ஏன் கல்கத்தா என்று பெயர்?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. “இங்கிருந்து கொள்ளையடித்துக்கொண்டு போனதாக இருக்கும், அதில் நமக்கென்ன பெருமை?” என்கிறார் என் அப்பா. எது உண்மை?

க., பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள க.,

கொள்ளைப் பொருள் இல்லை. கல்கத்தாவில் 1872 கிறிஸ்துமஸ் அன்று அங்கிருந்த ஆங்கிலேயர்கள் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் மறுபக்கமுமாக ரக்பி ஆடினார்கள். அடுத்த மாதமே கல்கத்தா கால்பந்து கிளப் பிறந்தது; பெயரில்தான் கால்பந்து, ஆடியது ரக்பி. அதன் ஆயுள் குறைவு. வங்காளத்து வெயிலுக்கு அந்த ஆட்டம் ஒத்துவரவில்லை; போலோவும் டென்னிஸும் ஆட்களை இழுத்துக்கொண்டன; இலவச மதுவை நிறுத்தியதும் உறுப்பினர்கள் இன்னும் குறைந்தார்கள். கிளப்பை மூட முடிவுசெய்தவர்கள், வங்கியில் மிஞ்சிய பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்யச் சொன்னார்கள். 270 ரூபாய் என்பது கணக்கு. 1878இல் அதை இங்கிலாந்தின் ரக்பி சங்கத்துக்குக் கொடுத்தார்கள்.

அந்த ரூபாய்கள் இந்த நாட்டின் உழைப்பிலிருந்து வந்தவைதானே என்று உங்கள் அப்பா கேட்டால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் பெருமை இல்லை என்பதை ஏற்கமாட்டேன்.

தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு வெள்ளிப் பட்டறையில் சில வருடங்களுக்கு முன் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். யாரோ கொடுத்துவிட்டுப் போன அறுந்த கொலுசுகளும் இரண்டு விக்டோரியா ரூபாய்களும் மூசைக்குள், அதாவது உலோகம் உருக்கும் கலத்துக்குள், இருந்தன. ஆசாரி ஒரு சிட்டிகை வெங்காரம் தூவினார். கொலுசு சட்டென்று சரிந்துவிட்டது. நாணயத்தின் விளிம்பு மெல்லத் தளர்ந்தது. ராணியின் முகம் மட்டும் சிறிது நேரம் தாங்கி நின்று, பிறகு கண்ணாடிபோல் ஒரு குட்டையாகிவிட்டது. கல்கத்தா கோப்பையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூசைதான் நினைவுக்கு வருகிறது.

கோப்பையின் படத்தை மகனுக்குப் பெரிதாக்கிக் காட்டுங்கள். கைப்பிடிகள் மூன்றும் படமெடுத்த நாகங்கள். மூடியின் உச்சியில் யானை. உடல் முழுவதும் நுணுக்கமான செதுக்கு வேலை. இந்தியக் கைவேலை என்று பார்த்ததும் தெரியும். ஆனால் அதில் பொறித்திருக்கும் வாசகத்தில் கொடுத்த கிளப்பின் பெயரும் பெற்ற சங்கத்தின் பெயரும்தான் இருக்கின்றன, நாகத்துக்குச் செதில் வெட்டியவரின் பெயர் இல்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

இந்தக் கோப்பை, இன்று ஆறு நாடுகள் ஆடும் தொடரைவிட மூத்தது. கோப்பைக்கான முதல் ஆட்டம் 1879இல் எடின்பரோவில் நடந்து, சமனில் முடிந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நான்கும் ஆடும் தொடர் 1883இல்தான் வந்தது. அதற்கு அடுத்த வருடமே ஒரு புள்ளியைப் பற்றி இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் தகராறு முற்றி, 1885இல் ஆட்டமே நடக்கவில்லை. அந்தச் சண்டையிலிருந்துதான் 1886இல் சர்வதேச ரக்பி வாரியம் பிறந்தது. நான்கு நாடுகளின் அந்தத் தொடரில் பிரான்ஸ் 1910இலும் இத்தாலி 2000இலும் சேர்ந்தன. உலகக் கோப்பை மிக இளையது, 1987இல்தான் தொடங்கியது.

1988இல் ஆட்டம் முடிந்த இரவு, இரு அணிகளையும் சேர்ந்த வீரர்கள் குடிபோதையில் இந்தக் கோப்பையை எடின்பரோ தெருவில் உதைத்து விளையாடி நசுக்கிவிட்டார்கள். படித்தபோது என் கைகள் நடுங்கின. யாரோ ஒரு ஆசாரி நாட்கணக்கில் குனிந்து செய்த வேலை அது.

ஒரு நாள் காலையில் மகனைத் தங்கசாலைப் பக்கம் அழைத்துப்போங்கள். பத்து மணிக்கு முன்பு போனால் மூசை அடுப்பில் இருக்கும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.