அளவு நாடாவும் சீக்கியர் உடம்பும்

அன்புள்ள ஐயா,

நான் மதுரைக்காரன். கனடாவின் பிராம்ப்டனில் ஒரு கிடங்கில் வேலை. ஒரு சீக்கியர் வீட்டின் பேஸ்மென்ட்டில் குடியிருக்கிறேன். சின்ன வயதில் டிவியில் குடியரசு தின அணிவகுப்பு பார்ப்போம். சீக்கிய ரெஜிமென்ட் வந்தால் அப்பா எழுந்து நின்றுவிடுவார். "ஆம்பளைன்னா இவன்டா" என்பார். இங்கே வந்து பார்த்தால் அந்த ஆட்களைக் காணோம். எங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ஐம்பது வயதுதான், பெரிய தொப்பை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவர் மகன் ஆறடிக்கு மேல், ஆனால் ஜிம்மில் செய்த உடம்பு. பஞ்சாபிலிருந்து புதிதாகப் படிக்க வரும் பையன்களோ நம்மைப் போலவே ஒல்லி. வெளிநாடு போனதும் சீக்கியர்கள் உடல்வலுவை இழந்துவிட்டார்களா? குளிர் காரணமா? முடியை வெட்டி மத ஒழுக்கத்தை விட்டதுதான் காரணம் என்கிறார் என் நண்பர். மரபணுவே மாறுகிறதா? தமிழர்களுக்கு இதில் ஏதாவது பாடம் உண்டா?

கே.,
பிராம்ப்டன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் ஃபௌஜா சிங்கைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 2025 ஜூலையில், ஜலந்தருக்குப் பக்கத்திலுள்ள தன் சொந்த ஊரான பியாஸ் பிண்டில், சாலையில் கார் மோதி இறந்துபோனார். வயது 114. முதுமையில் இங்கிலாந்துக்குப் போய், 89 வயதில் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டவர். 2011-ல், நூறு வயதில், டொரான்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து ஓடி முடித்தார். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான். அந்த மனிதருக்கு ஐந்து வயது வரை நடையே வரவில்லை. அவ்வளவு மெலிந்த கால்கள். ஊர்ப் பிள்ளைகள் குச்சி என்று கேலி செய்தார்களாம். கடைசி வரை ஒடிசலான உடம்புதான். உங்கள் அப்பா எழுந்து நின்ற அந்த அணிவகுப்பில் அவருக்கு இடமே கிடைத்திருக்காது.

சில கேள்விகளை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். குளிர் யாரையும் சுருக்கிவிடாது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு சமூகத்தின் மரபணு மாறிவிடாது. முடியை வெட்டியதால் உடம்பு போயிற்று என்று சொன்ன நண்பரிடம், அடுத்தவர் நம்பிக்கையை எடைபோடும் வேலை நமக்கு வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கேசம் வைப்பதும் வைக்காததும் அவரவர் குருவுக்கும் அவரவருக்கும் இடையில் உள்ளது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள் கடிதத்தில் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. "அந்த ஆட்களைக் காணோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆட்கள் யார் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

1857 கலகத்துக்குப் பிறகு, இந்தியாவில் யாரைப் பட்டாளத்துக்கு எடுப்பது என்பதையே வெள்ளைக்காரன் மாற்றி எழுதினான். ஃபிரெடரிக் ராபர்ட்ஸ் என்ற தளபதி 1885 முதல் 1893 வரை இந்தியாவின் தலைமைப் படைத்தலைவராக இருந்தார். வடக்கே இருப்பவன் பிறவிப் போர்வீரன், தெற்கே இருப்பவன் அதற்கு லாயக்கில்லை என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. எந்த மாவட்டத்தில், எந்தச் சாதியில் ஆள் எடுக்கலாம் என்று அதிகாரிகளுக்குக் கையேடுகள் போட்டார்கள். 1896-ல் சீக்கியருக்கென்றே ஒன்று வந்தது. கிராமத்துக்குப் போய்ப் பையன்களை வரிசையில் நிறுத்தி, அளவு நாடாவால் உயரத்தையும் மார்பையும் அளப்பார்கள். தேறியவன் பட்டாளத்துக்குப் போவான், தேறாதவன் வயலுக்குத் திரும்புவான். சீக்கியரிலேயே மஸபிகள் என்று சொல்லப்பட்ட தலித் சீக்கியர்களைத் தனியாகப் பிரித்து, சாலை போடவும் பள்ளம் தோண்டவும் ஆன பயனியர் படைகளில் வைத்தார்கள்.

இப்படிச் சலித்து எடுத்த ஆட்களைத்தான் உலகம் பார்த்தது. ஹாங்காங் போலீஸ், ஷாங்காய் போலீஸ், 1881-ல் சிங்கப்பூரில் தொடங்கிய சீக்கியப் போலீஸ் பிரிவு, எல்லாம் அந்த வகை. நான் பிறந்து வளர்ந்த மலேசியாவின் தைப்பிங்கிலும் அதே கதை. அந்தப் பகுதியான லாரூட்டில் நடந்த ஈயச் சுரங்கச் சண்டையை அடக்க 1873-ல் கேப்டன் ஸ்பீடி என்ற வெள்ளைக்காரர் இந்தியாவிலிருந்து கூட்டிவந்த சீக்கியர்களும் பட்டாணியர்களும்தான் தொடக்கம். 1896-ல் அது மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் என்ற படையாகி, 1919-ல் கலைக்கப்பட்டது. மூன்று தலைமுறைக்கு மேல் கடல் கடந்து போன சீக்கியன் என்றாலே நெட்டையான, அகன்ற மார்புள்ள, துப்பாக்கி பிடித்த ஒருவன். ஒரு சமூகத்தில் அளந்து பொறுக்கிய சிலரைப் பார்த்துவிட்டு, அந்தச் சமூகமே அப்படி என்று எல்லோரும் நம்பினார்கள். சீக்கியர்களும் நம்பினார்கள். உங்கள் அப்பாவும் நம்பினார்.

தமிழருக்குப் பாடம் உண்டா என்று கேட்டீர்களே, இங்கேதான் இருக்கிறது. அதே நாடா நம்மையும் அளந்தது. அந்த ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத்தான் தளபதியாக இருந்தார். ஆற்காட்டிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் கம்பெனிக்காகச் செத்த படை அது. போருக்கு ஆகாதவர்கள் என்று முத்திரை குத்தி, பட்டாளம் பட்டாளமாகக் குறைத்துக்கொண்டே வந்து, 1920-களில் மதராஸ் ரெஜிமென்ட்டையே கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது மறுபடி எழுப்பினார்கள். அப்போது மட்டும் தென்னாட்டான் எப்படிப் போர்வீரன் ஆனான்? யாரும் பதில் சொல்லவில்லை. "நாமெல்லாம் சோத்துப் பயலுக" என்று நம் வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறோமே, அந்த இழிவு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பாருங்கள். உங்கள் அப்பா எழுந்து நின்றபோது தன்னையும் அறியாமல் தன்னைத் தாழ்த்திக்கொண்டுதான் நின்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, பாசம்தான். ஆனால் நீங்கள் படித்தவர். அதே நாடாவை எடுத்துக்கொண்டு போய் பிராம்ப்டனில் வீட்டுக்காரரின் தொப்பையை அளப்பது எனக்குப் பிடிக்கவில்லை, தம்பி.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வரிசையில் ஒரு சீக்கியக் குடும்பம் இருந்தது. பாயி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு வங்கிக்கு ஜாகா, அதாவது காவல்காரர். இரவு முழுக்க வங்கியின் முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளைத் தாடி. விடிந்ததும் வீட்டுக்கு வந்து மாடு கறப்பார். கறந்த பாலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக ஊற்றிவிட்டு, ரயில் பாதை ஓரத்தில் அரிவாளோடு புல் அறுப்பார். தைப்பிங் மழையில் நனைந்த புல்கட்டைச் சைக்கிளின் பின்னால் ஏற்றித் தள்ளிக்கொண்டு வரும்போது, சைக்கிளும் தெரியாது, அவரும் தெரியாது, தலைப்பாகை மட்டும் தெரியும். மதியம்தான் படுப்பார். நெய்யில் தோய்ந்த பராட்டா, பெரிய பித்தளை டம்ளரில் பால், நாள் தவறாமல். வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தார். அண்ணனைவிட ஒரு தலை குட்டை, ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும். மாட்டுக் கொட்டகையிலேயே இருப்பார். ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. வங்கி வாசலில் நிறுத்துவதற்கு அண்ணன்தான் தேவைப்பட்டார். என் அப்பா பாயியைக் காட்டித்தான் "சிங்னா சிங்கம்" என்பார். அந்தத் தம்பியைக் காட்டி யாரும் எதுவும் சொன்னதில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பாயியின் மகன் படித்து வக்கீலானார். அதே பராட்டா, அதே பால். ஆனால் புல் அறுக்கவில்லை, மாடு கறக்கவில்லை. காரில் போய்க் காரில் வந்தார், சாயங்காலம் கிளப்பில் விஸ்கி. நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை. ஐம்பதைத் தாண்டியதும் ஒரு காலின் பாதத்தை வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் ஆட்களே பேசிக்கொண்டார்கள்: "அப்பன் சிங்கம், புள்ள இப்படி." எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. நோயாளியைப் பார்க்க வந்தவன் பேசுகிற பேச்சா அது? அப்பாவுக்கு இருந்தது வேலை. மகனுக்கு இல்லாதது அந்த வேலை. இதில் வீரம் எங்கே வந்தது?

இதை லண்டனில் ஆராய்ந்தே காட்டியிருக்கிறார்கள். சவுத்தாலில் தெற்காசியர்களைப் பரிசோதித்தபோது, வெள்ளையரைவிடப் பல மடங்கு சர்க்கரை நோயும், வயிற்றில் கூடுதலாகத் தங்கும் கொழுப்பும் தெரியவந்தன. அந்தத் தெற்காசியர்களில் பஞ்சாபிச் சீக்கியர்கள் மிகுதி. 1995-ல் லான்செட் மருத்துவ இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. மேற்கு லண்டனில் வாழும் பஞ்சாபிகளையும் ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய கூடப்பிறந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், எல்லாமே லண்டனில் இருப்பவருக்குத்தான் அதிகம். ரத்தம் ஒன்று, ஊர்தான் வேறு. உங்கள் மரபணுக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

உயரம் வேறு கணக்கு. அது பிள்ளைப் பருவத்திலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. நல்ல பால், முட்டை, சுத்தமான தண்ணீர், அடிக்கடி வயிற்றுப்போக்கு வராத குழந்தைப் பருவம், இவை கிடைத்தால் பிள்ளை தனக்கு உரிய உயரத்தை எட்டிவிடும். வீட்டுக்காரர் மகன் ஆறடிக்கு மேல் வளர்ந்தது இப்படித்தான். டொரான்டோவில் பிறந்த சிம் புல்லர் ஏழடி ஐந்து அங்குலம். 2015-ல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளிக்காரர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த அர்ஜன் புல்லர் 2010 டெல்லி காமன்வெல்த்திலும், அமர் தேசி 2022 பர்மிங்காம் காமன்வெல்த்திலும் கனடாவுக்காக மல்யுத்தத் தங்கம் வாங்கினார்கள். கென்யாவின் அவ்தார் சிங் சோஹல் 1960 முதல் 1972 வரை நான்கு ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடியவர். எங்கள் மலேசியாவின் நஷாதர் சிங் சித்து 1966 ஆசிய விளையாட்டில் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். இதையெல்லாம் சொல்வது 'பார், சிங்கம் இன்னும் சிங்கம்தான்' என்று காட்ட அல்ல. ஜிம்மில் செய்த உடம்பு என்று அந்தப் பையனை நீங்கள் குறைத்து எழுதியது உறுத்துகிறது. ஜிம்மில் செய்தால் என்ன? குரு அங்கத் காதூரில் மல்யுத்தக் களம் வைத்துப் பிள்ளைகளைப் பழக்கினார் என்று அவர்கள் மரபே சொல்கிறது. உடம்பு எங்கேயும் செய்துதான் வரும்.

அந்த ஒல்லிப் பையன்கள் விஷயம் வேறு. நிலத்தை அடகு வைத்து, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதி, பத்தொன்பது வயதில் வந்து, இரவில் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுப் பகலில் வகுப்பில் தூங்கிவழிகிற பிள்ளை எப்படி இருப்பான்? உங்கள் கிடங்கிலேயே இருப்பான். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

வேலை சீக்கியர் உடம்பை என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன், ஸ்மெத்விக் இரும்பு வார்ப்பாலைகளில் வெள்ளைக்காரன் தொட மறுத்த உலை வேலையில் ஒரு தலைமுறையின் முதுகு போனது. இத்தாலியில் ரோமுக்குத் தெற்கே லத்தீனா வயல்களில், வலி தெரியாமல் குனிந்து வேலை செய்வதற்காகவே வலி மாத்திரையும் அபினும் எடுத்துக்கொண்ட சீக்கியத் தொழிலாளர்களைப் பற்றிப் பத்து வருடத்துக்கு மேலாக எழுதிவருகிறார்கள். 2024 ஜூனில் அதே லத்தீனாவில் சத்னம் சிங்கின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. ஆம்புலன்ஸ் கூப்பிடாமல், அவரை வீட்டு வாசலில் இறக்கிப் போட்டு, அறுந்த கையைப் பழப்பெட்டியில் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் செத்துப்போனார். 31 வயது. உடல்வலுவை இழந்துவிட்டார்களா என்று கேட்கிறீர்கள். பிடுங்கிக்கொண்டார்கள், தம்பி.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் ஒரு பெண்கூட இல்லை. 2005-ல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் கேட் கூர்மே நிறுவனத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் வேலையை விட்டு அனுப்பப்பட்டபோது, தெருவில் உட்கார்ந்தவர்களில் சவுத்தால் பஞ்சாபிப் பெண்கள் ஏராளம். முழங்காலும் இடுப்பும் அங்கே தேய்ந்தவர்கள். அவர்கள் மார்பளவை வைத்து எவனும் புகழ் பாடவில்லை, அவர்கள் தேய்ந்ததைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் மனைவி என்ன வேலை பார்க்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

வீட்டுக்காரருக்கு வருகிறேன். கனடாவில் லாரி ஓட்டுநர் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை ஓட்டலாம் என்று சட்டமே இருக்கிறது. பதின்மூன்று மணி நேரம் உட்கார்ந்தே இருந்து, வழியில் கிடைத்ததைத் தின்று, ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில் கீரும் ஜிலேபியும் சாப்பிடுகிற மனிதருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால், அது கவலைப்பட வேண்டிய விஷயம். எங்கள் பக்கத்து வீட்டு வக்கீலுக்கும் முதலில் மூச்சுதான் வாங்கியது. நம் ஆட்களுக்கு, ஆணுக்கு, இடுப்பைச் சுற்றி 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை. அவர் அடுத்த லோடு எடுப்பதற்குள் குடும்ப டாக்டரைப் பார்த்து எச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனைக்கு எழுதி வாங்கச் சொல்லுங்கள். தயங்கினால் நீங்களும் கூடப் போய் உங்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் இரவு வேலை பார்க்கும் மதுரைக்காரர் ஒன்றும் இதற்கு விலக்கில்லை.

அப்பா ஊரில் எப்படி இருக்கிறார்? கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தார் என்று கேட்டு எழுதுங்கள்.