போன்சாய் கேள்வி-பதில்: ஒரு பருவத்துக்கு ஒரு வேலை

கேள்வி: நர்சரியில் வாங்கிய ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) கன்றின் வேரை வெட்டி, போன்சாய் தட்டுக்கு மாற்றி, கவாத்து செய்து, வடிவம் கொடுக்கக் கம்பியும் சுற்றினேன். எல்லாம் ஒரே நாளில். இரண்டு வாரத்தில் இலை முழுக்க உதிர்ந்துவிட்டது. செடி பிழைக்குமா?

பதில்: தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். அடியில் பச்சையாக இருந்து, வெள்ளைப் பாலும் கசிந்தால் உயிர் இருக்கிறது. இலை இல்லாத செடி தண்ணீர் அதிகம் குடிக்காது. பரிதாபப்பட்டு நாள்தோறும் ஊற்றினால், மிச்சமிருக்கும் வேரும் அழுகிவிடும். மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். உரம் கூடாது. கம்பியை முறுக்கிப் பிரித்தால் தண்டு ஆடும். வெட்டும் குறடால் சுற்றுச் சுற்றாகத் துண்டித்து எடுங்கள். வேரைப் பார்க்கும் ஆசையில் மறுபடி பிடுங்கிவிடாதீர்கள்.

வெட்டுப்பட்ட வேர் புது நுனி விட வேண்டும். அதற்கான மாவுச்சத்தை இலைகள் தயாரிக்கின்றன. வேர்விடத் தூண்டும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கிளை நுனிகளிலிருந்து கீழிறங்குகிறது. வேரையும் கிளையையும் சேர்த்து வெட்டினால் செடி எதை வைத்து மீளும்? கம்பி சுற்றும்போது ஏற்படும் அசைவில், அரும்பும் வேர்நுனிகளும் அறுந்துபோகும்.

கேள்வி: அப்படியானால் சரியான முறைதான் என்ன?

பதில்: முதலில் தொட்டி மாற்றம் மட்டும். மொட்டுகள் பருத்து விரியும் தறுவாயே நல்ல நேரம். ஃபைகஸுக்கு வெப்பமான வளர்பருவம். வேர்ப்பந்தை வெளியிலிருந்து உள்நோக்கிக் குச்சியால் சிக்கெடுங்கள். நேர்கீழாக ஓடும் தடித்த வேர்களை முதலில் குறையுங்கள். பக்கவாட்டில் பரவும் மெல்லிய வேர்கள்தான் செடிக்குச் சோறு போடுபவை. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.

தட்டில் நிரப்பும் மண்கலவை 3 முதல் 6 மில்லிமீட்டர் பருமனுள்ள குறுணையாக இருக்கட்டும். தூளைச் சலித்துக் கொட்டிவிடுங்கள்; அது துளைகளை அடைத்து, தட்டின் அடியில் நீரைத் தேக்கும். வடிதுளைகளுக்கு வலை போட்டு, நடுவில் கலவையைக் குவித்து, செடியை அதன்மேல் திருகி அமர்த்துங்கள். வேர்களுக்கிடையே குச்சியால் கலவையை நிரப்புங்கள், குத்தி இறுக்காமல். பிறகு துளை வழியே கோத்த கம்பியால் வேர்ப்பந்தைக் கட்டுங்கள். தண்டை மெல்ல அசைத்தால் தட்டும் கூடவே அசைய வேண்டும். இப்படிக் கட்டுவதை மட்டும் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். அடியில் தெளிந்த நீர் வரும்வரை ஊற்றுங்கள்.

மூன்று வாரம் காற்றடிக்காத நிழல், நான்கு வாரத்துக்குப் பிறகு உரம். புதுத் துளிரில் ஐந்தாறு இலை முற்றிய பிறகு கவாத்து செய்யலாம். வடிவத்துக்கான கம்பி அடுத்த பருவத்துக்கு.

கேள்வி: தண்டு பென்சில் கனம்தான். எப்போது தட்டுக்கு மாற்றலாம்?

பதில்: இப்போது வேண்டாம். ஆழமற்ற தட்டில் வளர்ச்சி மட்டுப்படும், தண்டு தடிக்காது. பெரிய தொட்டியிலோ தரையிலோ வேண்டிய கனம் வரும்வரை ஓடி வளரட்டும்.

கேள்வி: ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்துக்கும் இதே முறையா?

பதில்: இல்லை. ஊசியிலை மரங்களின் வேரை மொத்தமாகக் கழுவாதீர்கள். ஒரு பாதி மண்ணை மட்டும் மாற்றி, மறுபாதியை அடுத்த மாற்றத்துக்கு விடுங்கள். ஜூனிபரின் பலம் பெரிதும் இலைத்திரளில் இருக்கிறது. அந்த ஆண்டு அதைக் கழிக்காதீர்கள். செத்த ஜூனிபர்கூடப் பல வாரம் பச்சையாகவே நிற்கும். நிறத்தை நம்பாமல், கிளை நுனியில் இளம்பச்சை வளர்ச்சி தெரிந்த பிறகே அடுத்த வேலையைத் தொடுங்கள்.