“யாரோ” என்று சொன்னீர்களே, அதைப் பேசுவோம்

கேள்வி: நான் ஒரு மாவட்டத்தில் நன்னடத்தை அலுவலராக இருக்கிறேன். வயது 38. ஒன்பது வருடமாக இந்த வேலை. கோர்ட் நன்னடத்தையில் விடுவித்தவர்களைக் கண்காணிப்பது, ஜெயிலிலிருந்து விடுப்பு கேட்கும் கைதிகளின் ஊருக்குப் போய் விசாரித்து ரிப்போர்ட் எழுதுவது, இரண்டும்தான் முக்கியமான வேலை. கணவர் தனியார் நிறுவனத்தில் கணக்காளர். மகளுக்குப் பன்னிரண்டு வயது. மாமியார் எங்களோடு இருக்கிறார். அத்தையிடம் இத்தனை வருடமாக “கோர்ட் சம்பந்தமான ஆபீஸ் வேலை” என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கொலை வழக்குக் கைதியின் வீட்டில் நான் விசாரித்துக்கொண்டிருந்ததை எங்கள் தெருக்காரர் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. “வயசுக்கு வரப்போற பொண்ணை வீட்ல வச்சுக்கிட்டு கொலைகாரன் வீட்டுக்கும் திருடன் வீட்டுக்கும் போய் வரலாமா?” என்கிறார். வேறு துறைக்கு மாறு, இல்லையென்றால் வேலையை விடு என்று கணவரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். போன மாதம் உறவினர் கல்யாணத்தில் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தவன், என்னிடம் மாதாமாதம் கையெழுத்துப் போட வரும் பையன். “வணக்கம் மேடம்” என்றான். அத்தை யாரென்று கேட்டார். “யாரோ, தெரியல” என்று சமாளித்துவிட்டேன். இருபது வயது, பைக் திருட்டு, முதல் வழக்கு. அவன் அம்மா சித்தாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவனோடு வந்து ஆபீஸ் வாசலில் நிற்பார். எத்தனை நாள்தான் இப்படிப் பயந்து பயந்து வாழ்வது? குடும்பமா, வேலையா, எதை விடுவது என்று சொல்லுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: குடும்பமா வேலையா என்று கேட்கும் கடிதம் எனக்கு வாரத்துக்கு நாலு வருகிறது. நர்ஸ் எழுதுகிறார், பஸ் கண்டக்டர் எழுதுகிறார், பெண் போலீஸ் எழுதுகிறார். எல்லோரும் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான். “நீங்கள் செய்வது மகத்தான சேவை, தைரியமாக இருங்கள்” என்று நான் எழுத வேண்டும், அதை வீட்டில் காட்ட வேண்டும். உங்களுக்கு அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்தப் பந்தியிலேயே நின்றுவிட்டேன்.

ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் தாண்ட மாட்டேன்.

அந்தப் பையன் உங்கள் முன்னால் எப்படி வந்தான் என்று யோசித்துப் பாருங்கள். குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958 என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாமல், செய்தவனுக்கு 21 வயதும் ஆகவில்லை என்றால், அவனை எடுத்த எடுப்பில் ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது என்கிறது 6-வது பிரிவு. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் நீதிபதி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலரிடம் ரிப்போர்ட் கேட்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டை எழுத நீங்கள்தானே அவன் வீட்டுக்குப் போயிருப்பீர்கள்? அவன் அம்மாவிடம், பக்கத்து வீட்டில், அவன் படித்த பள்ளிக்கூடத்தில் எல்லாம் விசாரித்துவிட்டு, இவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நீதிபதிக்கு அவனைத் தெரியாது. உங்கள் கையெழுத்தைத்தான் நம்பினார். 4-வது பிரிவில் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, உங்கள் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்பினார்.

ஆக, அவனைத் தெரியும் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தவர் நீங்கள். கல்யாண மண்டபத்தில் தெரியாது என்றவரும் நீங்கள்.

அவன் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தான்? மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த பைக்குகளைச் சுற்றிக்கொண்டு நிற்கவில்லை. கொதிக்கிற சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, குனிந்து குனிந்து இலை இலையாக ஊற்றிக்கொண்டு வந்தான். பந்தி பரிமாறுவது லேசான வேலை இல்லை. காலை டிபனுக்கு விடியும் முன்பே வர வேண்டும். கடைசிப் பந்தி முடிந்து பாத்திரம் ஏற்றிய பிறகுதான் சாப்பாடு. நன்னடத்தை அலுவலரின் கடமைகளைச் சொல்லும் 14-வது பிரிவில், கண்காணிப்பில் இருப்பவர்களுக்குத் தேவைப்பட்டால் தகுந்த வேலை கிடைக்க முயற்சி எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் துறை அவனைப் பற்றிக் கண்ட கனவு நிஜமாகி, வாளியோடு உங்கள் இலைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய இடம், அம்மா அது. எத்தனை பேருக்கு நடுவில் வணக்கம் சொன்னான் பாருங்கள். தன்னைக் கண்காணிக்கும் அதிகாரியைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட அவனுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவன் திருப்பிக்கொள்ளவில்லை. நீங்கள் திருப்பிக்கொண்டீர்கள்.

“அவன் நல்லதுக்காகத்தான் காட்டிக்கொடுக்கவில்லை” என்று நீங்கள் பதில் எழுதலாம். அதையும் யோசித்துவிட்டேன். உங்கள் ரிப்போர்ட் ரகசியமானது என்று 7-வது பிரிவு சொல்கிறது. அவன் வழக்கை நாலு பேர் நடுவில் நீங்கள் சொல்லியிருந்தால் இதைவிடக் கடுமையாகத் திட்டியிருப்பேன். ஆனால் அவன் வழக்கையா அத்தை கேட்டார்? யாரென்றுதானே கேட்டார்? “தெரிஞ்ச பையன் அத்தை.” இரண்டு வார்த்தை, ஒரு உறவு முறை, அவ்வளவுதான் தேவைப்பட்டது. ரகசியமும் போயிருக்காது, அவன் முகமும் வாடியிருக்காது. நீங்கள் காப்பாற்றியது அவன் ரகசியத்தை இல்லை, உங்களுடையதை. அத்தையிடம் ஒன்பது வருடமாகச் சொல்லி வைத்த பொய்யை.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. என் சித்தப்பா வாய்க்கால் தகராறில் ஒருவரை வெட்டிவிட்டு ஏழு வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில்தான் இருந்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்கு சித்தப்பாதான் இளநீர் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவரு யாரும்மா?” என்று சாதாரணமாகக் கேட்டார். “தோட்ட வேலைக்கு வந்த ஆளுங்க” என்றேன். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானேதான் சொன்னேன். சித்தப்பாவின் காதில் விழுந்தது. கையிலிருந்த இளநீரை முழுசாகச் சீவி முடித்தார், வைத்தார், அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். அப்புறம் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவரே முந்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார். அந்தக் கல்யாணம் நடந்தது. அவர் பந்திக்கு வரவில்லை. ஜெயில் அவரை ஏழு வருடம் வைத்திருந்தது. நான் சொன்ன சொல் அவரைச் சாகும்வரை கொல்லைப்புறத்திலேயே வைத்துவிட்டது.

தண்டனை முடிந்து வந்த மனிதர் அவர். உங்கள் பையனோ தண்டனைக்கே போகாதவன். அவன் மேல் அந்த முத்திரை விழக் கூடாது என்றுதானே இந்த ஏற்பாடே வந்தது? இப்படி விடுவிக்கப்படுகிறவருக்கு, தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்று 12-வது பிரிவு சொல்கிறது. சட்டம் துடைத்துவிட்ட கறையை நீங்கள் எடுத்துப் பூசலாமா? இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. டெல்லி 1958-இல் சட்டம் போடுவதற்கு வெகுமுன்பே, 1936-ஆம் ஆண்டுச் சட்டமாக சென்னை மாகாணம் இதைக் கொண்டுவந்துவிட்டது.

உங்கள் வேலைக்கு மூதாதை என்று சொல்லப்படுகிறவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் செருப்புத் தைத்த ஜான் அகஸ்டஸ். 1841-இல் கோர்ட்டில் ஒரு குடிகாரனைப் பார்த்தார். அவனை முன்பின் தெரியாது. ஆனால் எழுந்து, இவனுக்கு நான் ஜாமீன் என்றார். மூன்று வாரம் கழித்து அவனை ஆள் மாறியவனாகத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தபோது, நீதிபதி ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் போட்டு அனுப்பிவிட்டார். அந்தச் செருப்புக் கடைக்காரர் அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான பேருக்கு ஜாமீன் நின்றார், சொந்த வியாபாரம் கெட்டுப்போகிற அளவுக்கு. தெரியாதவனைத் தெரியும் என்று சொன்ன ஒருவரில் ஆரம்பித்த வேலை உங்களுடையது.

சரி, அத்தைக்கு வருவோம். அவரை எதிரி போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நீங்கள் ஊர் ஊராக விசாரணைக்குப் போகும்போது உங்கள் மகளுக்குச் சாப்பாடு போட்டு, தலைவாரி, பள்ளிக்கூட வேன் வரும்வரை வாசலில் நிற்பவர் யார்? அவருக்கு நீங்கள் ஒன்பது வருடமாக உண்மையைச் சொல்லவில்லை. தெருக்காரர் ஒருவர் வந்து சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் வைத்திருந்தீர்கள். வயசானவர்களுக்கு இதைவிட அவமானம் வேறு என்ன? குடும்பத்தில் உழைப்பைக் கொடுக்கிற பெரியவர்களுக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறவள் நான். அவர் கத்துவதில் பாதி பயம். மீதி, நம்மிடம் மறைத்துவிட்டாளே என்ற வருத்தம். பயத்துக்கு நீங்கள் பதில் வைத்திருக்கலாம். வருத்தத்துக்கு மன்னிப்புத்தான் கேட்க வேண்டும்.

பயம் ஒன்றுமில்லாத பயமும் இல்லை. கொலை வழக்குக் கைதிக்கு விடுப்பு விசாரணை என்று போனால், செத்தவர் வீடும் பல சமயம் அதே தெருவில்தான் இருக்கும். அங்கேயும் போய், கைதி விடுப்பில் வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். ரெண்டு பக்கமும் உங்களை முறைக்கும். எனவே பகலில் போங்கள். எந்த ஊர், யார் வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ஊர் பெயரும் நேரமும் கணவருக்கும் தெரியட்டும். பகை கொதிக்கிற ஊர் என்றால் உள்ளூர் காவல் நிலையத்தில் தகவல் சொல்லாமல் கால் வைக்காதீர்கள். வீட்டு விலாசமும் சொந்த நம்பரும் யாருக்கும் வேண்டாம். இதையெல்லாம் செய்கிறீர்கள் என்பது உங்கள் கணவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அந்த மனிதர் ஒரே வரியில் வந்து போகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அத்தையையும் உட்கார வைத்து, பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று முழுசாகச் சொல்லுங்கள். மகளும் கேட்கட்டும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு, அம்மா செய்வது மறைக்க வேண்டிய வேலை என்ற எண்ணம் வருவதைவிட, தப்பு செய்தவனோடும் அம்மா மரியாதையாகப் பேசுவாள் என்று தெரிவது நல்லது.

அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் விடுங்கள். நான் தடுக்க மாட்டேன், அது பாவமும் இல்லை. ஆனால் “அத்தைக்காக விட்டேன்” என்று நாளைக்குச் சொல்லாதீர்கள். இந்த மனிதர்களைத் தெரியும் என்று நாலு பேர் முன்னால் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் விடுகிறீர்கள் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். அத்தை தலையில் கட்டாதீர்கள்.

இதெல்லாம் வீட்டில் பேசி முடிவு செய்ய நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. அந்தப் பையன் அடுத்து எப்போது வருவான் என்று உங்கள் ரெஜிஸ்டரில் இருக்கும். அவன் பேனாவை எடுக்கும் முன், “அன்னைக்கு மண்டபத்துல உன்னைப் பார்த்தேன் தம்பி, பேசாம வந்தது என் தப்பு” என்று சொல்லிவிடுங்கள். அதிகாரி மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிக்காதீர்கள். அப்படியே வாசலில் நிற்கும் அவன் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு, ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.