கோல் ஒன்று, புள்ளி மூன்று: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக 4 அடிக்கு 2 அடியில் சின்ன ஏர் ஹாக்கி (காற்றில் மிதக்கும் வட்டைத் தட்டி எதிராளியின் கோலில் போடும் ஆட்டம்) மேசை ஒன்று செய்திருக்கிறோம். கோல் வாயில் ஐஆர் (அகச்சிவப்பு ஒளி) சென்சார் மாட்யூல் வைத்து, ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் கொடுத்திருக்கிறோம். ஒரே கோலுக்குச் சில நேரம் 2, 3 புள்ளி ஏறிவிடுகிறது. சில கோல் விழுந்தும் ஏறுவதில்லை. புரோகிராமில் தவறா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: புரோகிராமிலும் கொஞ்சம் தவறு இருக்கலாம். ஆனால் முதல் தவறு, நீங்கள் சென்சாரை வைத்த இடம். கோல் வாயில் வட்டு வேகமாக வருகிறது, பின்சுவரில் மோதித் திரும்புகிறது, விளிம்பில் நின்று ஆடுகிறது. ஆடுபவரின் விரலும் அங்கேதான் நுழைகிறது. இத்தனையையும் சென்சார் பார்த்தால் இத்தனைக்கும் புள்ளி போடத்தான் செய்யும். உள்ளே போன வட்டு இனி மேசைக்குத் திரும்பவே முடியாது என்ற இடத்தில்தான் எண்ண வேண்டும்.

கோல் வாய்க்குப் பின்னால், 30 டிகிரி சரிவில் ஒரு சறுக்குப் பலகை கொடுங்கள். கோல் அகலம் 20 செ.மீ. என்றால், சறுக்கு போகப் போகக் குறுகி 7.5 செ.மீ. ஆகட்டும். வட்டின் விட்டம் 6.4 செ.மீ. என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பின்சுவரில் 1 செ.மீ. தடிமனுக்கு ஃபோம் ஒட்டினால் மோதிய வட்டு அங்கேயே சோர்ந்து விழும். குறுகிய பகுதியில் ஒளிக்கற்றை கீழிருந்து மேலாக, செங்குத்தாகப் போகட்டும். பக்கவாட்டில் வைத்தால் 3 மி.மீ. தடிமன் வட்டு கற்றைக்குக் கீழேயே வழுக்கிப் போய்விடும். புள்ளி ஏறாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். செங்குத்தாக வைத்தால் தடிமன் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை, வட்டின் முழு விட்டமும் கற்றையை மறைக்கும். ஒளியைப் பிடிக்கும் ரிசீவரை மேலே, கீழ்நோக்கி மாட்டுங்கள். தூசியும் படியாது, ட்யூப்லைட் வெளிச்சமும் நேராக விழாது.

நீலக் குமிழைத் திருகி தூரம் வைக்கும் மாட்யூலைத்தான் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்க்கும் வகை. கருப்பு வட்டு ஐஆர் ஒளியை உறிஞ்சிவிடுவதால் அதன் கண்ணில் படாது. ஜன்னல் வெயில் பட்டாலும் குழம்பும். ஒரு பக்கம் எல்இடி, எதிர்ப்பக்கம் ரிசீவர் என்று ஜோடியாக வரும் ‘பிரேக் பீம்’ வகை வாங்குங்கள். சிக்னல் வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இரண்டையும் ஆர்டுயினோ பக்கத்திலேயே பற்றவையுங்கள். போர்டுக்குள் இருக்கும் புல்-அப் (சிக்னலை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோ ஓம் வரை. ஒரு மீட்டர் வயருக்கு, அதுவும் காற்று ஊதும் பிளோயர் பக்கத்தில், அது போதாது.

இனி புரோகிராம். பஸ்ஸர் ஒலிக்க ‘டிலே’ (புரோகிராமைக் காத்திருக்க வைக்கும் கட்டளை) போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். 5 மீ./விநாடி வேகத்தில் வரும் வட்டு 13 மில்லி விநாடியில் கற்றையைக் கடந்துவிடும். புரோகிராம் அரை விநாடி தூங்கினால் எதுவும் தெரியாது. இரண்டு சென்சாரையும் ஊனோவின் 2, 3-ஆம் பின்களில் கொடுத்து இன்டரப்ட்டில் (சிக்னல் மாறிய கணமே மற்ற வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்கும் வசதி) பிடியுங்கள். கற்றை 5 மில்லி விநாடிக்கு மேல் மறைந்தால் மட்டும் ஒரு புள்ளி. அதற்குக் குறைவானதெல்லாம் வயரில் வரும் குப்பை. அடுத்த புள்ளிக்கு, கற்றை தொடர்ந்து 300 மில்லி விநாடி திறந்திருந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். ‘ஒரு விநாடி கழித்து எண்ணு’ என்று மட்டும் எழுதினால், சறுக்கில் சிக்கி ஆடிக்கொண்டிருக்கும் வட்டு மறுபடி புள்ளி வாங்கிவிடும். 2 விநாடிக்கு மேல் மறைந்தே இருந்தால் வட்டு சிக்கிவிட்டது என்று பஸ்ஸர் அடிக்கட்டும்.

இந்த ஆட்டம் உருவானபோதே ஒளி சென்சாரும் கூடவே வந்தது. அமெரிக்காவின் பிரன்ஸ்விக் நிறுவனப் பொறியாளர்கள் மூவர் 1969-இல் உராய்வற்ற மேசையில் வேலை தொடங்கினார்கள். இடையில் தேங்கிப்போன வேலையை பாப் லெமியூ மீண்டும் எடுத்து, மெல்லிய வட்டு, கீறல் போன்ற கோல், அதில் ஒளி உணரி என்று ஆட்டமாக்கினார். 1972-க்குள் ஆட்டம் முழு வடிவம் பெற்றது.

கேள்வி: கம்ப்யூட்டர் ஃபேன் 4 வைத்தும் வட்டு மிதக்கவில்லை. ஃபேனைக் கூட்டவா, துளையைப் பெரிதாக்கவா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இரண்டும் வேண்டாம். துளையைப் பெரிதாக்குவது காரியத்தையே கெடுத்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 3 மி.மீ. அக்ரிலிக்கில் 6.4 செ.மீ. வட்டு வெட்டினால் எடை ஏறத்தாழ 11.5 கிராம், பரப்பு 32 சதுர செ.மீ. அதைத் தூக்க, அடியில் சுமார் 35 பாஸ்கல் அழுத்தம் வேண்டும், அதாவது 3.6 மி.மீ. தண்ணீர் உயரம். துளை வழியே வரும்போது அழுத்தம் குறையும், ஆகவே மேசைத் தளத்துக்கு அடியில் உள்ள காற்றுப் பெட்டிக்குள் 100 பாஸ்கல் இருந்தால் நிம்மதி. சாதாரண 12 செ.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் 20 பாஸ்கல் அளவில்தான் தரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காற்றின் அளவு கூடுமே தவிர அழுத்தம் கூடாது. நத்தை ஓடு வடிவில் இருக்கும் பிளோயர்தான் இதற்கு வேண்டும்.

120-க்கு 60 செ.மீ. தளத்தில் 25 மி.மீ. இடைவெளியில் 1 மி.மீ. துளை போட்டால் 47 வரிசை, வரிசைக்கு 23, மொத்தம் 1,081 துளை. இதற்கு 100 பாஸ்கலில் விநாடிக்கு 6 முதல் 7 லிட்டர் காற்று போகும். பிளோயர் வாங்கும்போது இந்த அழுத்தத்தில் இவ்வளவு காற்று தருமா என்று கேட்டு வாங்குங்கள். அட்டையில் அச்சிட்டிருக்கும் காற்றளவு, எதிர்ப்பே இல்லாத நிலையில் எடுத்தது. துளையை 1.5 மி.மீ. ஆக்கினால் காற்றுத் தேவை 2.25 மடங்காகிவிடும்.

25 மி.மீ. இடைவெளியில் வட்டின் அடியில் எப்போதும் 5 துளை அளவுக்கு இருக்கும். 40 மி.மீ. ஆக்கினால் 2 துளைதான், வட்டு ஒரு பக்கம் சாய்ந்து விளிம்பு உரசும். துளைக்கும்போது அடியில் கழிவுப் பலகை கொடுத்து, மேல் பக்கத்திலிருந்து துளையுங்கள். பிறகு கை விரலால் தடவிப் பாருங்கள். நகத்தில் இடறும் ஒரே ஒரு பிசிறு போதும், வட்டு அங்கே நின்றுவிடும். தளம் 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) என்றால், தொய்யாமலிருக்க 20 செ.மீ.க்கு ஒரு ரீப்பர் அடியுங்கள். காற்று தாண்டிப் போக ரீப்பரில் ஆங்காங்கே வெட்டு விடவும் மறக்காதீர்கள். பெட்டி மூலைகளில் சிலிக்கான் பூசுங்கள்.

கேள்வி: பிளோயரை ஆன் செய்த உடனே ஸ்கோர் 0-0 ஆகிவிடுகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: ஒரே 12 வோல்ட் அடாப்டரில் பிளோயர், ஆர்டுயினோ இரண்டையும் ஓட்டுகிறீர்கள். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் சரிந்து ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது. ஆர்டுயினோவுக்குத் தனியாக 5 வோல்ட் போன் சார்ஜர், பிளோயருக்குத் தனியாக அடாப்டரும் சுவிட்சும். அவ்வளவுதான். பிளோயரை ஆர்டுயினோவே மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) மூலம் இயக்குவதானால் மட்டும் இரண்டின் கிரவுண்டையும் சேர்க்க வேண்டும். மோட்டாருக்குக் குறுக்கே 1N4007 டையோடும் போடுங்கள், கோடு உள்ள முனை பிளஸ் பக்கம்.

கேள்வி: இதேபோல் கேரம் குழிகளில் சென்சார் வைத்து ஸ்கோர் எண்ண முடியுமா?
– வாசகர், சென்னை

பதில்: காய் விழுந்ததை எண்ணலாம், ஆட்டத்தின் ஸ்கோரை எண்ண முடியாது. போட்டி விதிப்படி, போர்டை (ஒரு சுற்றை) ஜெயித்தவருக்கு எதிராளியின் மீதிக் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அதாவது குழிக்குள் போகாத காய்க்குத்தான் புள்ளி! சிவப்புக்கு 3, அதுவும் ஃபாலோ (சிவப்பை அடுத்துத் தன் காய் ஒன்று) போட்டிருந்தால்தான், ஸ்கோர் 22-ஐத் தொட்டபின் அதுவும் கிடையாது. ஸ்ட்ரைக்கர் விழுந்தால் காய் பலகைக்குத் திரும்பி வரும்.

வெள்ளைக்கு இவ்வளவு, கருப்புக்கு இவ்வளவு என்று வீட்டில் ஆடும் ஆட்டத்துக்குச் செய்யலாம். வலைக்குப் பதில் குழியின் கீழே சரிவான குழாய் கொடுத்து, காய் அதன் முடிவில் வந்து நிற்கட்டும். விழும் காயில் நிறம் பார்க்க முயன்றால் தவறும். நின்ற காயை டிசிஎஸ்3200 கலர் சென்சார் தன் சொந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், வெளி வெளிச்சம் புகாமல் மூடியும் வேண்டும். 15 கிராம் வரை போகும் ஸ்ட்ரைக்கரையும் 5 கிராம் காயையும் விட்டத்தை வைத்தே பிரிக்கலாம். காய் 3.2 செ.மீ.க்குள், ஸ்ட்ரைக்கர் பெரும்பாலும் 4.1 செ.மீ., ஆகவே குழாயில் 3.6 செ.மீ. அகல வாசல் வைத்தால் ஸ்ட்ரைக்கர் அங்கேயே தங்கும். போட்டவர் யார் என்பது மட்டும் எந்தச் சென்சாருக்கும் தெரியாது. அதற்கு ஒவ்வொருவர் பக்கமும் ஒரு பட்டன் வைத்து, கை மாறும்போது அழுத்தச் சொல்லுங்கள்.